எப்போது சொல்வது? டோராடோரா, காகுயா-சமா, ஹோரிமியா ஓர் அலசல்

பள்ளிக் காதல் காமெடி அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில்) யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்பது முதல் எபிசோடிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். தெரிந்தும் ராத்திரி ரெண்டு மணிவரை அடுத்த எபிசோட், அடுத்த எபிசோட் என்று உட்கார வைக்கிறது என்றால், அதற்குக் காரணம் "உன்னைப் பிடித்திருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் வராமல் இழுபடும் அந்தக் காலம்தான். ஜப்பானில் இதை நேருக்கு நேர் சொல்லி, எதிரில் இருப்பவர் சரி என்று சொன்ன பிறகுதான் இருவரும் ஜோடி என்று கணக்கு. அதுவரை தினமும் ஒன்றாகச் சாப்பிட்டாலும், வீட்டுக்கு வந்து போனாலும் பெயர் நட்புதான். இதற்கு மேல் பள்ளி நாட்காட்டி வேறு நெருக்கும். ஏப்ரலில் வகுப்பு தொடங்குகிறது. அப்புறம் கோடை விடுமுறை, கலாசார விழா, காதலர்களின் இரவாகவே ஆகிவிட்ட கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பிப்ரவரியில் காதலர் தினச் சாக்லேட், மார்ச்சில் பட்டமளிப்பு. ஒவ்வொன்றும் ஒரு கெடு.

இந்த வாக்கியத்தை எங்கே வைக்கிறார்கள் என்பதை வைத்தே மூன்று பெரிய படைப்புகளை எடை போடலாம். டோராடோரா அதைக் கடைசிக்குத் தள்ளுகிறது. காகுயா-சமா அதைச் சொன்னவர் தோற்றவர் என்று ஒரு போராக்குகிறது. ஹோரிமியா ஆரம்பத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறது.

முதலில் காகுயா-சமா. அகா அகாசகா 2015 முதல் 2022 வரை வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. அனிமேயின் முதல் சீசன் 2019இல் வந்தது. மேட்டுக்குடிப் பள்ளி ஒன்றின் மாணவர் மன்றம். தலைவன் ஷிரோகானே ஏழை வீட்டுப் பையன், படிப்பாலேயே மேலே வந்தவன். துணைத் தலைவி காகுயா பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண். இருவருக்கும் காதல் இருக்கிறது. ஆனால் முதலில் வாய் திறந்தால் காலம் முழுக்க கீழே நிற்க வேண்டியிருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வரும். ஷிரோகானே தன் கையால் சமைத்துக் கொண்டுவந்த மதிய உணவில் ஆக்டோபஸ் வடிவில் வெட்டிய சாஸேஜ் இருக்கிறது. காகுயாவுக்கு நாக்கு ஊறுகிறது, கேட்கத்தான் முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் மன்றச் செயலாளர் ஃபுஜிவாரா சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கித் தின்றுவிடுகிறாள். பொறாமையில் காகுயா முறைக்க, என் ஏழைச் சாப்பாட்டைப் பார்த்து ஏளனம் செய்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். ஒரு சாஸேஜ் துண்டில் வர்க்கம், கௌரவம், ஆசை மூன்றும் வந்துவிடுகின்றன. கதைசொல்லியின் குரல் இதையெல்லாம் போர்க்கள வர்ணனை போல முழங்கும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

சிரிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் காகுயா-சமாவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஆனால் முதல் சீசனின் பெரும்பகுதியில் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. யாரும் எதையும் இழப்பதில்லை. சீசன் முடியும் தறுவாயில், பட்டாசு விழாவுக்குப் போக விடாமல் வீட்டில் தடுக்கப்பட்ட காகுயாவை நண்பர்கள் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு பறக்கிறார்களே, அங்கேதான் கதை மனதுக்குள் இறங்குகிறது. வானம் முழுக்க வெடிக்கிறது, அவளுக்குத் தன் இதயத் துடிப்பைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

ஹோரிமியா நேர் எதிர். 2021இல் 13 எபிசோடுகளாக வந்தது. பள்ளியில் பளிச்சென்று இருக்கும் ஹோரி வீட்டில் தம்பியையும் சமையலையும் பார்த்துக்கொள்பவள். பள்ளியில் ஒடுங்கிக் கிடக்கும் மியாமுரா, சட்டைக்குள் பச்சை குத்தல்களையும் முடிக்குள் காதுத் துளைகளையும் மறைத்து வைத்திருப்பவன். காய்ச்சலில் படுத்திருக்கும் ஹோரி தூங்குகிறாள் என்று நினைத்து அவன் தன் காதலைச் சொல்லிவிடுகிறான். அவள் தூங்கவில்லை. இது மூன்றாவது எபிசோடிலேயே நடக்கிறது! சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதைக் காட்ட இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்குத் துணிச்சல் கிடையாது. ஹோரிமியாவுக்கு இருக்கிறது. ஹோரியிடம் காதலைச் சொல்லி மறுக்கப்பட்ட தோரு, மியாமுராவின் நெருங்கிய நண்பனாகவே தொடர்வது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். குறை என்னவென்றால் அவசரம். பல தொகுதிகள் கொண்ட மங்காவை 13 எபிசோடில் அடைத்ததால் துணைப் பாத்திரங்கள் வந்து வந்து மறைகிறார்கள். விடுபட்டவற்றைச் சொல்ல 2023இல் தனியாக இன்னொரு தொடரே எடுக்க வேண்டியிருந்தது.

என் ஓட்டு டோராடோராவுக்குத்தான். யுயுகோ தகெமியாவின் நாவல் வரிசையை வைத்து, தட்சுயுகி நாகாய் இயக்கத்தில் 2008 அக்டோபரில் தொடங்கி 25 எபிசோடுகள் வந்தன. ரௌடி போன்ற கண்களும் வீட்டைச் சுத்தம் செய்யும் பைத்தியமும் கொண்ட ர்யூஜி, உருவத்தில் சின்னவளாகவும் கோபத்தில் புலியாகவும் இருக்கும் தைகா. இவனுக்கு அவளுடைய தோழி மினோரி மேல் ஆசை, அவளுக்கு இவனுடைய நண்பன் கிதாமுரா மேல். தவறான பையில் போட்டுவிட்ட காதல் கடிதத்தை மீட்க ராத்திரியில் மரக்கத்தியோடு அவன் வீட்டுக்குள் புகுகிறாள் தைகா. பார்த்தால் உறைக்குள் கடிதத்தையே வைக்கவில்லை. பசியில் மயங்கிச் சரிகிறவளுக்கு அவன் வறுத்த சோறு செய்து போடுகிறான். அந்தத் தட்டிலிருந்து இருவரும் ஒரே வீட்டு மனிதர்களாகிவிடுகிறார்கள். அது காதல் என்பது அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆரம்ப எபிசோடுகளில் தைகாவின் அடிதடியும் கத்தலும் சிலரை விரட்டிவிடும். அதைத் தாண்டி வாருங்கள். (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தவிர்ப்பது நல்லது.)

19ஆவது எபிசோட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. தனியாக இருக்கும் தைகாவைச் சந்தோஷப்படுத்தக் கரடி வேஷம் போட்டு வருகிறான் ர்யூஜி. கொஞ்ச நேரம் ஆடுகிறார்கள். மினோரியைப் பார்க்கப் போ என்று அவனைத் தைகாவே அனுப்பிவைக்கிறாள். கதவு மூடிய பிறகுதான் கண்ணீர் வருகிறது, ஏன் வருகிறது என்று அப்போதுதான் அவளுக்கே புரிகிறது. தெருவில் ஓடிப்போய் அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அதை மினோரி பார்த்துவிடுகிறாள். பிறகு பள்ளியில் தனக்காகக் காத்திருக்கும் ர்யூஜியை, அவன் வாய் திறப்பதற்கு முன்பே மறுத்துவிடுகிறாள். அவளுக்கும் அவன் மேல் ஆசை உண்டு. இவ்வளவு நாள் அவள் செய்த கோமாளித்தனம் முழுக்க அதை மூடி மறைக்கத்தான் என்பது அப்புறம் தெரியவரும். சிரிக்க வைத்த அதே பெண்தான் விலை கொடுக்கிறாள். இந்த இடத்தில்தான் டோராடோரா மற்ற இரண்டையும் தாண்டிப் போகிறது. கடைசி எபிசோடுகள் ஓடிப்போவது, திரும்பி வருவது என்று கொஞ்சம் அவசரப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் அதற்குள் அந்த வாக்கியத்தைக் கேட்கும் உரிமையை நமக்குச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது.

இழுபறி பிடிக்காதவர்கள் ஹோரிமியாவில் தொடங்கலாம். மனம்விட்டுச் சிரிக்க வேண்டுமென்றால் காகுயா-சமா. அதை எடுத்தால் மூன்று சீசனையும் வரிசையாகப் பாருங்கள். இரண்டாவது சீசனில் மன்றப் பொருளாளன் இஷிகாமியின் கடந்த காலம் வரும் பகுதி, இது வெறும் விளையாட்டுத் தொடர் என்ற எண்ணத்தை அடியோடு மாற்றிவிடும். மூன்றாவது சீசன் ஒரு முத்தத்தில் முடிகிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். முத்தம் கொடுத்த பிறகும் உள்ளதைச் சொல்ல முடியாமல் அந்த இருவரும் படும் பாடு 2022 டிசம்பரில் வந்த திரைப்படத்தில்தான் இருக்கிறது.