பிரேசில் பெரிம்பாவ் செட்: கொழும்பில் வாங்கலாமா?

இசைக்கு ஆடும் பிரேசில் தற்காப்புக் கலையான கப்போய்ரா பழக வருகிற பலர் முதலில் விசாரிப்பது வெள்ளைக் காற்சட்டையை. காசு கொடுத்து முதலில் வாங்க வேண்டியது பெரிம்பாவ்தான் என்பது எங்கள் அபிப்பிராயம். வட்டமாக நின்று ஆடும் ஹோடாவில் யார் எப்போது இறங்குவது, எவ்வளவு வேகமாக ஆடுவது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் இந்த ஒற்றைக் கம்பி வில்தான் சொல்கிறது. மந்தமான கருவி வாசித்தால் ஆட்டமும் மந்தமாகிவிடும்.

பிரேசிலில் இருந்து இணையம் வழியாக அனுப்பும் வழக்கமான செட்டைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். பிரிபா மரத் தடி, உருக்குக் கம்பி, சுரைக்குடுக்கை, அடிக்கும் குச்சி, தட்டையான கல், கஷிஷி என்ற சிறு கூடைக் கிலுகிலுப்பை ஆகிய ஆறும் அதில் இருக்கும். சுருதி நடுத்தரம், அதாவது மேடியோ. இதைவிடத் தாழ்ந்தது கூங்கா, உயர்ந்தது வியோலா.

தடி அருமை. ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளம், நார் நேராக ஓடுகிறது, முடிச்சு இல்லை. கம்பி பட்டு மரம் பிளக்காமல் இருக்க நுனியில் தோல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தோல் இல்லாத மலிவுத் தடியை வாங்கவே வேண்டாம். கம்பி ஒவ்வொரு முறை இறுகும்போதும் நுனி மரத்துக்குள் வெட்டிக்கொண்டே போகும். வில்லை வளைக்கும்போது முழங்காலைத் தடியின் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். கம்பிக்கும் தடிக்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வந்தால் போதும். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் வளைக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இழுத்துக் கட்டியபடியே சுவரில் சாத்தி வைத்தால் தடி தன் விறைப்பை இழந்து, பிறகு எவ்வளவு இழுத்தாலும் சத்தம் எழும்பாது.

குடுக்கையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். வில்லுப்பாட்டு பார்த்துப் பழகியவர்கள் இதை அந்த வில்லோடும் குடத்தோடும் சேர்த்து நினைப்பார்கள், ஆனால் வேலை வேறு. இங்கே குடுக்கையின் வாய் வாசிப்பவரின் வயிற்றைப் பார்த்திருக்கும். வயிற்றில் ஒட்டினால் நாதம் அடங்கும், விலக்கினால் திறக்கும். இந்தச் செட்டில் வந்த குடுக்கை மெல்லிய சுவர் கொண்டது, உள்ளே நன்றாகச் சுரண்டியிருக்கிறது. தடியின் அடியிலிருந்து இருபது சென்றிமீற்றர் அளவு மேலே கட்டித் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு விரற்கடையாக ஏற்றியும் இறக்கியும் கம்பியைத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் நாதம் சட்டென்று பெருத்து ஒலிக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். கட்டும் கயிறு தளர்ந்திருந்தால் குடுக்கை ஆடி இரையும். புதியவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பது அநேகமாக இந்த இரைச்சலைக் கேட்டுத்தான்.

கம்பிதான் இந்தச் செட்டின் பலவீனம். வரும்போது பளபளப்பாக இருக்கிறது, ஆனால் காலி முகத்திடல் பக்கம் கொண்டுபோய் வாசித்தால் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி சொல்லாமல் கொள்ளாமல் அறும், அறும்போது முகத்துக்கு வரும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். மாற்றுக் கம்பிக்குப் பிரேசிலுக்கு எழுத வேண்டியதில்லை. அங்கேயும் பழைய கார் டயரின் உள்விளிம்பில் இருக்கும் கம்பியைத்தான் உரித்தெடுக்கிறார்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய டயர் கிடைக்கும். விளிம்பைக் கத்தியால் கீறி, கம்பியைக் குறட்டால் இழுத்து, ஒட்டியிருக்கும் இறப்பரைச் சாண்ட் பேப்பரால் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இறப்பர் மிச்சமிருந்தால் நாதம் மொத்தையாக இருக்கும்.

கல் நன்று. கல்லுக்குப் பதில் நமது பத்து ரூபாக் குற்றியைப் பிடித்தால் சிறியதாக இருப்பதால் கம்பியில் அழுத்தும்போது நழுவும். பிடிக்கும் முறை இதுதான்: இடது சுண்டுவிரல் குடுக்கைக் கயிற்றுக்குக் கீழே நின்று முழுப் பாரத்தையும் தாங்கும், நடுவிரலும் மோதிரவிரலும் தடியைச் சுற்றும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் கல்லைப் பிடிக்கும். ஆரம்பத்தில் சுண்டுவிரல் நோகத்தான் செய்யும். அதற்குப் பயந்து முழுக் கையாலும் தடியை இறுக்கினால் கல் அசையாது, மூன்று ஒலிகளும் பிரியாது.

அந்த மூன்று ஒலிகள்: கல் தொடாதபோது தாழ்ந்த டொம், கல்லை இறுக்கி அழுத்தினால் உயர்ந்த டிம், சும்மா தொட்டால் சிக் என்ற இரைச்சல். சிக்-சிக்-டொம்-டிம் என்றால் அது அங்கோலா தாளம். ஆட்டம் நிதானமாகவும் நிலத்தோடு ஒட்டியும் போக வேண்டும். கடைசி இரண்டையும் மாற்றி சிக்-சிக்-டிம்-டொம் என்று வாசித்தால் சாவோ பென்டோ பெக்கேனோ என்ற வேறு தாளம். இரண்டு ஒலி இடம் மாறினாலே ஆட்டத்தின் குணம் மாறுகிறது. அதனால் டொம்மும் டிம்மும் ஒன்றுபோலக் கேட்கும் கருவியை விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். இந்தச் செட்டில் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன, அதற்கே முழுப் புள்ளி கொடுக்கலாம். கவலாரியா என்ற தாளம் குதிரைப் பொலிஸ் வருவதை எச்சரிக்க வாசித்தது என்று சொல்வார்கள். பிரேசிலின் 1890 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் கப்போய்ரா குற்றமாக இருந்தது. 2014 இல் யுனெஸ்கோ ஹோடாவை மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கஷிஷி சுமார். பின்னல் இறுக்கமில்லை, அடியில் வைத்த குடுக்கைத் துண்டு கழன்றுவிடும் போலிருக்கிறது. ஓரத்தில் பசை விட்டால் சரியாகும். உள்ளே விதை இருப்பதும் ஒரு சிக்கல். மரம், குடுக்கை, விதை எல்லாமே தாவரப் பொருள் என்பதால் தாவரத் தொற்றுத்தடைப் பரிசோதனைக்கு உட்படலாம், ஓடர் கொடுக்குமுன் விசாரித்து வையுங்கள். மழைக்காலத்தில் குடுக்கையின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மூடிய பையில் வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

ஒரு பெரிம்பாவ் போதுமா என்று கேட்பவர்களுக்கு: கப்போய்ராவின் பழைய பாணியான அங்கோலா முறையில் வழக்கமாக மூன்று பெரிம்பாவ், இரண்டு பண்டெய்ரோ (கஞ்சிரா போன்றது), அட்டபாக்கே (உயரமான மேளம்), அகோகோ (இரட்டை மணி), ரெக்கோ-ரெக்கோ (சுரண்டி வாசிப்பது) என எட்டுக் கருவிகள். ஆனால் மெஸ்திரே பிம்பா என்ற ஆசான் உருவாக்கிய ரெஜியோனால் முறையில் ஒரு பெரிம்பாவும் இரண்டு பண்டெய்ரோவும் மட்டுமே. வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் ஆறேழு பேர் கூடிப் பழகும் குழுவுக்கு இந்த ஒரு மேடியோவும் இரண்டு பண்டெய்ரோவும் தாராளம். அங்கோலா பழகுபவர்கள் மேடியோவில் நிற்காமல் கூங்காவையும் வாங்கியாக வேண்டும், ஏனென்றால் ஆட்டக்காரரைப் பெரிம்பாவ் வாசிப்பவரின் காலடிக்குத் திருப்பி அழைப்பது கூங்காதான். விற்பவரிடம் இரண்டையும் ஒன்றோடொன்று சுருதி பார்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தனித்தனியாக வாங்கினால் குடுக்கைகள் பொருந்தாமல் போகும். சுவரில் அலங்காரமாக மாட்ட வேண்டும் என்பவர்களுக்கு வர்ணம் பூசிய மலிவு வில் போதும், இந்தச் செட் தேவையில்லை.