புதுத் தொட்டிக்கு மீன் வாங்குவோர் கவனத்திற்கு

நாகர்கோவிலில் உள்ள ஒரு வண்ணமீன் கடையில் எனக்கு நேர்ந்ததை, புதிதாகத் தொட்டி வைத்து முதல் மீன்களை வாங்கவிருக்கும் நம் மாவட்டத்து நண்பர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏமாற்றிய முறை தெரிந்தால் போதும்.

என்னுடையது 60 லிட்டர் தொட்டி. மீன் விடாமல், மீன் கழிவில் உருவாகும் நச்சான அம்மோனியாவை மட்டும் சேர்த்து, அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் வளரும் வரை வாரக்கணக்கில் காத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நைட்ரேட் மட்டும் மிஞ்சிய பிறகே கடைக்குச் சென்றேன். இதை விளக்கிச் சொல்லி, வளர்ந்தாலும் சிறியதாகவே இருக்கும் மீன்களாகவும், கடைக்கு வந்து இரண்டு வாரமாவது ஆனவையாகவும் ஐந்தாறு மட்டும் வேண்டும் என்று கேட்டேன். அப்படியே தருவதாகக் கடைக்காரர் தயங்காமல் சொல்லி, நான்கு விடோ டெட்ராக்களையும் ‘ஷார்க்’ என்று இரண்டு குஞ்சுகளையும் பையில் போட்டார்.

அந்த ‘ஷார்க்’ உண்மையில் பங்காசியஸ் என்ற கெளுத்தி வகை. மீகாங் ஆற்றைச் சேர்ந்த இந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுவது. "நாலு விரலுக்கு மேல வளராது" என்று சொல்லி அதை 60 லிட்டர் தொட்டிக்கு விற்பது அந்த உயிருக்கும் செய்யும் கொடுமை.

சில நாட்களில் டெட்ராக்களின் துடுப்புகளில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. கடைக்குப் போனபோது, சென்னையிலிருந்து வந்த தெர்மாகோல் பெட்டிகளைப் பிரித்து, மீன்களை நேராக விற்பனைத் தொட்டிகளில் விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வலை. "வந்த அன்னைக்கே பாதி போயிரும், அண்ணே" என்றான் வேலை செய்யும் பையன். இரண்டு வாரக் கணக்கு அங்கேயே பொய்த்துப்போனது.

ஆனால் மிகப் பெரிய சேதம் அதன் பிறகுதான் நடந்தது. கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கொடுத்துத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். ஃபில்டருக்குக் கேடு வருமா என்று கேட்டதற்கு, ஒன்றும் ஆகாது என்றார். அது மெத்திலீன் ப்ளூ. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவையே பாதிக்கக்கூடியது என்பதால் அதைத் தனித் தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும். பரிசோதனையில் மீண்டும் அம்மோனியா காட்டியது, இரண்டு டெட்ராக்கள் இறந்தன, வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாவை மறுபடி தொடக்கத்திலிருந்து வளர்க்க வேண்டியதாயிற்று. வெள்ளைப் புள்ளிக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது; அது உதிர்ந்து பெருகி, நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தச் சொல்வதும் தவறான ஆலோசனையே.

தொட்டி தயாராகிவிட்டது என்றால் அம்மோனியாவைச் சமாளிக்கும் என்றுதான் பொருள். கடையிலிருந்து வரும் நோயை அது தடுக்காது. வாங்கும் மீன்களை இரண்டு முதல் நான்கு வாரம் ஒரு தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். விற்பனைத் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், துடுப்பை மடக்கி ஒதுங்கி நின்றாலும், கல்லில் உடலை உரசினாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். கடலோர ஊர்களில் கிணற்று நீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி மீன்கள் பொருந்தும். நியான் டெட்ராவைக் கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் தவிருங்கள், அது மென்மையான நீருக்கு உரியது. முதல் மீன்கள் நன்றாக நிலைத்த பிறகே அடுத்தவற்றைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் பாக்டீரியா இருக்கிற கழிவின் அளவுக்கே வளர்ந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது" என்று மறுத்தார். என் கையில் இருந்த துண்டுச் சீட்டில் ‘மீன் - 6’ என்று மட்டுமே எழுதியிருந்தது. மீனின் சரியான பெயரையும் அது கடைக்கு வந்த தேதியையும் ரசீதில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.