நாள் கணக்கா, நன்கொடையா? கடைசிக் காலப் பராமரிப்பில் அமெரிக்காவும் பிரிட்டனும்

இனி நோய் குணமாகாது என்ற நிலையில் வலியைத் தணித்து, நோயாளியையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்வதுதான் ஹாஸ்பிஸ். இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இரண்டு நாடுகளும் எதிரெதிர்.

பிரிட்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். அங்கே நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. இன்னும் எத்தனை மாதம் என்ற சட்டக் கணக்கும் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் அரசு தருவது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஊர்க்காரர்கள் கையிலிருந்து வருகிறது: உயிலில் எழுதிவைத்த பணம், மாரத்தான் ஓடிச் சேர்த்த பணம், அப்புறம் கடைத்தெருவில் ஹாஸ்பிஸ் நடத்தும் பழைய சாமான் கடை. அங்கே யாரோ போட்டுக் கழித்த கோட்டு, சாசரோடு ஒரு டீ கப், அவற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டும் சம்பளமில்லாத தொண்டர். அந்த அன்பு பெரியதுதான். ஆனால் பிரசவ வார்டை நன்கொடையை நம்பி நடத்தச் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? சாவுக்கு மட்டும் ஏன்? 2024 டிசம்பரில் அரசு அறிவித்த 10 கோடி பவுண்டும் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும்தான், நர்ஸ் சம்பளத்துக்கு அல்ல.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் 1982 சட்டத்தின்படி ஹாஸ்பிஸ் ஓர் உரிமை. நர்ஸ், வலி மருந்து, ஆக்சிஜன், கட்டில் எல்லாம் வீட்டுக்கே வரும். ஆனால் வாசலிலேயே நிபந்தனை. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதம்தான் என்று டாக்டர்கள் எழுதித் தர வேண்டும். குணப்படுத்தும் சிகிச்சையை விடுகிறேன் என்று நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். கீமோவை நிறுத்தும் தாளில் எந்தக் குடும்பத்துக்கு உடனே கை வரும்? தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதன் பிறகு மூன்று வாரம்கூடக் கிடைப்பதில்லை.

மெடிகேர் ஹாஸ்பிஸ் நிறுவனத்துக்குப் பணம் தருவது நாள் கணக்கில் என்பதால், நர்ஸ் வராத நாளுக்கும் தொகை உண்டு. லாப நிறுவனங்கள்தான் இன்று அங்கே பெரும்பான்மை. மெல்லத் தேயும் மறதிநோயாளி நெடுநாள் இருப்பதால் அவர்களுக்கு ஆதாயம். அதனால்தான் 2016-ல் 60 நாளுக்குப் பிந்தைய தொகையைக் குறைத்தார்கள்.

என் விருப்பம், பிரிட்டனின் நிபந்தனையற்ற வாசலும் அமெரிக்காவின் சட்ட உரிமையும் சேர்ந்திருப்பது. முடியாததல்ல. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில், குழந்தைகள் ஹாஸ்பிஸில் இருந்துகொண்டே சிகிச்சையும் தொடரலாம் என்று 2010-லேயே அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது. பெரியவர்கள்தான் இன்னும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.