காகித நாடக மேடை கிட்: ஓவியம் அருமை, தாள்தான் மெலிசு

நாடகக் காட்சிகளைத் தாளில் அச்சடித்து, வெட்டி ஒட்டி விளையாட விற்கும் வழக்கம் 1811 வாக்கில் லண்டனில் தொடங்கியது. வண்ணமில்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. இந்தக் கிட் அந்த மரபில் வந்தது. முகப்பு வளைவு, மேடைத்தளம், மேடையின் இரு ஓரங்களிலும் நிற்கும் மூன்று ஜோடிப் பக்கத்தட்டிகள், பின்னணிக் காட்சி வரைந்த இரண்டு படுதாக்கள், பாத்திரங்கள் எல்லாம் ஏ4 தாளில் இருக்கின்றன. முன்தட்டி மரங்களை அடர்த்தியாகவும் படுதாவிலுள்ள கோட்டையை வெளிறலாகவும் வரைந்திருப்பதால், ஒரு சாண் ஆழமுள்ள மேடை வெகுதூரம் நீள்வதுபோல் தெரிகிறது. இதற்காகவே வாங்கலாம்.

குறை தாளில்தான். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள) தாளில் முகப்பு வளைவு நிற்காது. மேற்பகுதி முன்னால் சாய்ந்துவிடும். முகப்பையும் தட்டிகளையும் 2 மி.மீ. கிரே போர்டில் (சாம்பல் நிறக் கெட்டி அட்டையில்) ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையையும் வளைத்துவிடும். அதனால் பின்பக்கமும் அதே கனமுள்ள தாளை, இரு தாள்களின் இழைகளும் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டி, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் கலக்காதீர்கள். உள்ளே வெட்டி எடுக்க வேண்டிய திறப்புகளை முதலில் வெட்டி, வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டினால் அட்டை கையில் ஆடாது.

தட்டிகளைச் செருகத் தளத்தில் குறித்திருக்கும் பள்ளங்கள் 1 மி.மீ. அகலம்தான். இருபக்கமும் தாள் ஒட்டிய போர்டின் மொத்தக் கனத்துக்கு ஏற்ப அகலமாக்குங்கள், அதற்குமேல் போனால் தட்டி சாயும். கையேடு மூன்று ஜோடித் தட்டிகளையும் ஒரே அளவு உள்ளே நீட்டச் சொல்கிறது. அது தவறு. பின்னால் போகப்போக ஒவ்வொரு ஜோடியும் 1 செ.மீ. கூடுதலாக உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் படுதாவின் விளிம்பும் அதற்கப்பால் வெறுஞ்சுவரும் தெரியும்.

பாத்திரங்களுக்குக் கிரே போர்டு வேண்டாம். விரல், வாள் போன்ற மெல்லிய இடங்கள் வெட்டும்போது பிய்ந்துவிடும். 250 ஜிஎஸ்எம் அட்டை போதும். பாத்திரங்களை மேடையில் நகர்த்தக் கிட்டில் தந்திருக்கும் தள்ளுபட்டைகள் குட்டையானவை. தட்டிகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைத்து மேடையின் நடுவைத் தாண்டித் தள்ள, குறைந்தது 30 செ.மீ. நீளம் வேண்டும். இல்லாவிட்டால் கை மேடைக்குள் தெரியும்.

வண்ணமில்லாத தொகுப்பையே வாங்குங்கள். நீர்வண்ணம் தாளைச் சுருக்கும் என்பதால் கலர் பென்சில் நல்லது. நீர்வண்ணம்தான் பிடிக்கும் என்றால் போர்டில் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபிறகு தீட்டுங்கள்.