மெய்ப்புப் பார்ப்பவரின் நோட்டு: பதினோரு வருடம் நூலகங்களிலும் மின்நூலகங்களிலும் தேடிய அனுபவம்

பழைய தமிழ் நூல்களின் மறுபதிப்புகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. முன்னுரை எழுதியவர் ஒரு பாடலை மேற்கோள் காட்டியிருப்பார். அந்தச் சொல் எந்தப் பதிப்பில் அப்படி இருக்கிறது, அச்சுப்பிழையா பாடபேதமா (பதிப்புக்குப் பதிப்பு, சுவடிக்குச் சுவடி மூலச் சொல்லே மாறி வருவதா) என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சில நாள் ஒரே ஒரு எழுத்துக்காக மூன்று நூலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். 2014இல் ஒரு நீளநோட்டு வாங்கி, தேடிய ஒவ்வொன்றையும் குறித்துவைக்க ஆரம்பித்தேன். என்ன தேடினேன், எங்கே தேடினேன், எவ்வளவு நேரம் ஆனது, கிடைத்ததா, கிடைத்தது வேலைக்கு உதவியதா. ஐந்தே கட்டம். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது.

நோட்டுப் போடத் தூண்டியது ஒரு படிவம். அந்த வருடம் ஒரு நூலகத்தில் வாசகர் கருத்து கேட்டு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். நாற்காலி, மின்விசிறி, குடிநீர், பணியாளர் பழகும் விதம் என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ‘நன்று’ என்று டிக் போட்டேன், அது உண்மையும்கூட. ஆனால் அன்று நான் தேடிப்போன புத்தகம் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர் அவர். என் நோட்டின் மூன்றாவது கட்டத்தை அவரை நினைத்துத்தான் போட்டேன். அமெரிக்க ஆய்வு நூலகங்கள் 2000இல் லிப்குவால் என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்தத் தொடங்கின. அதில் ஒவ்வொரு சேவைக்கும் மூன்று மதிப்பெண் போட வேண்டும். எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள், எவ்வளவு வேண்டுமென்று விரும்புகிறீர்கள், இப்போது எவ்வளவு கிடைக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒருவர் ‘நன்று’ என்று போட்டால் சேவை நன்றாக இருந்ததா, அவர் எதிர்பார்த்ததே கொஞ்சம்தானா என்று தெரியாது. தமிழ் மின்நூலகங்களைப் பற்றி நாம் அடிக்கடி சொல்லும் ‘இதாவது இருக்கிறதே’ அப்படிப்பட்ட ‘நன்று’தான். இவற்றை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனாலேயே அவற்றை அந்த அளவுகோலோடு விட்டுவிட மனம் வரவில்லை.

நோட்டில் அதிகம் வரும் பெயர் மதுரைத் திட்டம். பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைக்கும் இதை 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று போட்டிருப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது வெறும் நன்றியறிவிப்பு இல்லை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கான தகவல். படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் ஒரு சொல்லை நொடியில் தேடிவிடலாம். ஆரம்ப காலத்தில் டிஸ்கி என்ற பழைய கணினிக் குறியாக்கத்தில் இருந்ததைப் பொறுமையாக யூனிகோடுக்குக் கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும். ஆனால் பாடபேதம் பார்க்க இது மட்டும் போதாது. தட்டச்சில் வந்த ‘ர’வும் மூலத்தில் இருந்த ‘ற’வும் வேறாக இருந்தால், அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் சங்க நூல்களை உரையோடு சேர்த்துப் பார்க்கலாம். ஸ்கேன் செய்த பழைய நூல்களுக்கு அவர்கள் 2017இல் தொடங்கிய தமிழ் மின்நூலகம் இருக்கிறது. எழுத்தை ஓரிடத்திலும் படத்தை இன்னோரிடத்திலும் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவதுதான் என் தினசரி வேலைமுறை. அகராதிக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முழுவதும் அங்கே இருக்கிறது. அந்தக் கனமான தொகுதிகளை நான் கையில் எடுத்து வருடக்கணக்காகிறது.

நூலகம் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 2005இல் தொடங்கப்பட்ட ஈழத்துத் தமிழ் ஆவணங்களின் மின்நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்துபோயின. அந்த இழப்பை அறிந்த ஒரு சமூகம் தன் கோயில் மலரையும் பள்ளிக்கூட மலரையும் ஒருவரின் நினைவு மலரையும்கூட விடாமல் சேர்ப்பதன் பொருள், அந்தப் பட்டியலைப் பார்த்தாலே புரியும். ஒரு பயனராக எனக்கு அவர்கள் செய்திருக்கும் பெரிய உதவி வெளியில் சட்டென்று தெரியாத ஒன்று. ஓர் இதழை ஸ்கேன் செய்து போடுவதோடு நிற்காமல், அதன் உள்ளடக்கத்தையும் தட்டச்சு செய்து பக்கத்தில் வைக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிறுபத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பைக் கூகுளில் போட்டால் நேராக அந்த இதழில் போய் நிற்கிறேன். இதழின் பெயர், மாதம், இலக்கம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு பக்க உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்ய யாரோ ஒருவர் செலவிட்ட கால் மணி நேரம், பின்னால் வரும் எத்தனை பேருடைய அரை நாளை மிச்சப்படுத்தியிருக்கும்!

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க மின்நூலகத்தில் தமிழ் நூல்கள் ஏராளம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் ஆனவை பலவும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. தலைப்புகள் ஆங்கில எழுத்தில், ஒரே சொல் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். ‘திரு’வுக்கு எச் உண்டா இல்லையா, ‘ழ’வுக்கு ‘z’ஆ ‘l’ஆ என்று மாற்றி மாற்றிப் போட்டுத்தான் தேட வேண்டும். 2024 அக்டோபரில் அந்தத் தளம் இணையத் தாக்குதலில் சில நாள் முடங்கியது. ஸ்கேன் செய்த நூல்களைக் கடன் கொடுக்கும் அதன் முறையை எதிர்த்து அமெரிக்கப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கிலும் அதே ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு அதற்கு எதிராகவே வந்தது. அதிலிருந்து, காப்புரிமை முடிந்த நூல்களில் வேலைக்கு வேண்டிய பக்கங்களை அன்றன்றே இறக்கி வன்தட்டில் வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு பெரிய கிடங்காக இருந்தாலும் ஒன்றையே நம்பி வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

இனி, எங்கே நேரம் போகிறது என்று பார்க்கலாம். நோட்டைப் புரட்டினால், ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டு ‘கிடைத்தது’ என்று திருத்திய வரிகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. புத்தகம் முதல் நாளே அங்கே இருந்திருக்கிறது. என்னால்தான் அதைப் போய்த் தொட முடியவில்லை.

உ.வே.சா.வை எடுத்துக்கொள்வோம். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தவரை எந்தப் பெயரில் தேடுவது? உ.வே.சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், உத்தமதானபுரம் வே.சாமிநாதையர், வெறுமனே உ.வே.சா. இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பட்டியலில் தனி ஆளாக இருக்கும். ஒரு புள்ளி, ஓர் இடைவெளி கூடக் குறைய இருந்தாலும் வேறு முடிவு வரும். நூலகர்கள் இதற்கு அதாரிட்டி ஃபைல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பட்டியல் அது. தமிழ் மின்நூலகங்களில் நான் இன்று ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். இன்னும் ஒரு லட்சம் பக்கம் ஸ்கேன் செய்வதைவிட இது என் வேலையை அதிகம் மாற்றும்.

அடுத்தது வருடம். பழைய முகப்புத்தாள்களில் ‘ஜய வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சக்கரத்தில் அது 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சையும் பார்த்தவருக்குச் சந்தேகமே வராது. கணினித் திரையின் முன்னால் அவசரமாகப் பட்டியல் போடுபவர் தவறான சக்கரத்தைப் பிடித்துவிட்டால், முதற்பதிப்பு அறுபது வருடம் இளையதாகிவிடும். ௲௮௱௯௰௪ என்று தமிழ் எண்ணில் போட்டிருந்தால் வருடக் கட்டம் காலியாகவே இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எழுத்துணரி. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது புதிய தமிழ் அச்சை நன்றாகவே படிக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில்தான் தடுமாற்றம். தும்பிக்கை தூக்கியது போல் நிற்கும் பழைய ‘லை’, ‘னை’, ‘ணை’, சுழித்து எழுதிய ‘றா’, ‘னா’, ‘ணா’ எல்லாம் அதற்குப் புரியாமல் வேறு ஏதோ எழுத்தாக விழும். ஆகவே தேடுபெட்டியில் ‘இல்லை’ என்று வந்தால் புத்தகத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அதற்கு அருகில் இருக்கும், அந்த எழுத்துகள் வராத வேறொரு சொல்லைப் போட்டுத் தேடுவேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

நேரில் போகும் நூலகங்களில் எனக்கு மிக அதிகம் உதவியது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வேறு யாரும் பொருட்படுத்தாதவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே அலமாரிக்குள் நாம் போக முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதலில் அது எனக்குத் தடையாகப்பட்டது. பிறகு புரிந்தது, கேட்கும்போதுதான் பேச்சு தொடங்குகிறது, ‘இதே அச்சகத்தில் வந்த இன்னொன்றும் இருக்கிறது, பார்க்கிறீர்களா’ என்ற கேள்வி வருகிறது. எந்தத் தேடுபெட்டியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எழும்பூர் கன்னிமாரா 1896இலிருந்து இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பதிப்பாளர்கள் அனுப்பினால்தானே வந்து சேரும். நான் வேலை செய்த சிறு பதிப்பகம் ஒன்றே பல தலைப்புகளை அனுப்பாமல் விட்டிருந்தது, பின்னர் நாங்கள் உட்கார்ந்து கட்டி அனுப்பினோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்ததிலிருந்து எனக்கு வேலை செய்யும் இடம். பழைய பதிப்புகளுக்காக அங்கே போவதில்லை. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், வீட்டில் ஒரு மேசை போட இடமில்லாத ஒருவருக்கு நூலகம் என்றால் என்ன என்பது தெரியும். அவர்களில் பலர் நூலகத்தின் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடாமல் போகலாம். கடன் கொடுத்த கணக்கில் அவர்கள் வர மாட்டார்கள், ஆனாலும் அந்தக் கட்டடத்தின் பயனில் பெரும்பங்கு அவர்களுக்குப் போகிறது.

என் தோழி ஒருத்திக்குப் பார்வை கிடையாது, தமிழில் ஆய்வு செய்கிறாள். நான் ‘இருக்கிறது, இறக்கிக்கொள்’ என்று அனுப்பிய பி.டி.எஃப். அவளுக்கு வெறும் படம். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் அதைத் திறந்து மௌனமாக இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் எழுத்துக் கோப்பு அவளிடம் பேசுகிறது. பார்வையற்றோருக்கு நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்ற வழிவிடும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலாக ஏற்றது இந்தியா. 2016இல் சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. ஆனாலும் அவளுக்கு வேண்டிய நூறு வருடத்து உரைநூல்கள் படமாகவே கிடக்கின்றன. அவளோடு உட்கார்ந்த அன்றுதான் நோட்டில் நான்காவது கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். எனக்குக் கிடைத்ததா, அவளுக்குக் கிடைத்ததா.

மின்நூலகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் எத்தனை பக்கம் ஏற்றினோம், எத்தனை முறை பார்க்கப்பட்டது என்றுதான் இருக்கும். நான் ஒரு நூலைத் தேடி ஆறு முறை தோற்று ஏழாவது முறை கண்டுபிடித்தால் கணக்கில் ஏழு வருகை. தோல்வி எல்லாம் வெற்றியாக எழுதப்படுகிறது. தேடி ஒன்றும் வராமல் போன சொற்களைப் பதிந்துவைக்க ஒரு சர்வருக்கு எந்தச் சிரமமும் இல்லை. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை ஒரு நூலகர் உட்கார்ந்து படித்தால் போதும். எந்தப் பெயரை இணைக்க வேண்டும், எதை அடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. கவுன்ட்டரில் கொடுக்கும் படிவம் வந்தவர்களை மட்டும்தான் கேட்கிறது. ஒருமுறை வந்து வெறுங்கையோடு திரும்பி, பிறகு வராமலே போனவரை யார் கேட்பது?

போன வருடம் மூன்றாவது நோட்டில் ‘கிடைக்கவில்லை’ என்றே நின்றுபோன வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, நான் வழக்கமாகப் போகும் ஒரு நூலகத்தில் பட்டியல் போடும் அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் போன் வந்தது. “சார், இதில் மூன்று நம்மிடமே இருக்கிறது. ஒன்று உரையாசிரியர் பெயரில் போயிருக்கிறது, ஒன்று வேறொரு புத்தகத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், இன்னொன்றுக்குத் தலைப்பு தப்பு. மூன்றையும் சரிசெய்துவிட்டேன். உங்களிடம் இந்த மாதிரி இன்னும் இருந்தால் கொண்டுவாருங்கள்.” சரி என்றேன். அதிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு தாள் எழுதிக் கொண்டுபோகிறேன். இந்த மாதத் தாளில் ஒன்பது வரி இருக்கிறது, தோழி கேட்ட இரண்டும் அதில் சேர்த்தி.