பெரிய பிராண்டுகளுக்குத் துணி கொடுக்கிற மில்லாச்சே என்று நம்பி 11,000 டாலர் போச்சு

நேற்று ராத்திரிதான் கடைசி ரோலையும் பிரித்துப் பார்த்தேன். கை இன்னும் கருப்பாகவே இருக்கிறது, சோப்புப் போட்டும் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த லேபிளில் டி-சர்ட் போடுகிறவர்கள், முதல் தடவை மில்லில் நேரடியாகத் துணி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

மில் பெயரைச் சொல்லவில்லை. நிட்டிங், டையிங், ஃபினிஷிங் எல்லாம் ஒரே வளாகத்தில் முடித்து வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி அனுப்புகிற பெரிய மில். நான் கேட்டது 1,500 கிலோ கருப்பு சிங்கிள் ஜெர்சி (டி-சர்ட்டுக்குப் போடுகிற பின்னல் துணி), கோம்ட் காட்டன் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தி), 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். மொத்தம் 11,000 டாலர். இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

சாம்பிள் ரூமில் சுவர் முழுக்க நமக்கெல்லாம் தெரிந்த பிராண்டுகளின் டேக். மார்க்கெட்டிங் மேனேஜர் என் கண்ணெதிரே ஜிஎஸ்எம் கட்டரை வைத்துத் துணியை வட்டமாக வெட்டி எடை போட்டார். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், கிராமில் வருகிற எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். தராசில் 1.80 நின்றது. "பாத்தீங்களா சார், பிசகவே பிசகாது. அவங்களுக்கு ஓடுற அதே மெஷின், அதே நூல்தான் உங்களுக்கும்" என்றார்.

பிறகு இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்குக் கூட்டிப் போனார். ஒரு பிராண்டிலிருந்து வந்திருந்த அம்மா விளக்கு வெளிச்சத்தில் துணியை ஓடவிட்டு, ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். 100 சதுர கெஜத்துக்கு 40 பாயிண்டைத் தாண்டினால் ரோலைத் தள்ளிவைத்துவிடுவாராம். அங்கேதான் நான் விழுந்தேன். இவ்வளவு கறாராகப் பார்க்கிறவர்களையே திருப்திப்படுத்துகிற மில், எனக்கா மட்டமாகக் கொடுக்கப் போகிறது? அந்த அம்மா தள்ளிவைத்த ரோலெல்லாம் யாருக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே பாதிப் பணம் அனுப்பினேன். மீதியை லோடு ஏறுவதற்கு முன்னால் வாங்கிக்கொண்டார்கள்.

60 ரோல் வந்தது. பிரித்து விரித்து, 24 மணி நேரம் ரிலாக்ஸ் ஆக, அதாவது சுருட்டியிருந்த இழுவை தளர, விட்டுத்தான் வெட்டினோம். தைத்த முதல் டி-சர்ட்டைத் துவைத்தேன். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. 70 சென்டிமீட்டர் நீளம் 64 ஆகிவிட்டது. கூடப் போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறம். ரோலில் மறுபடி ஜிஎஸ்எம் வெட்டிப் பார்த்தேன், 158! ஸ்டென்டரில் (துணியை விரித்துக் காயவைக்கிற மெஷின்) இழுத்துப் பிடித்துக் காயவைத்துவிட்டு, காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கிவிடுகிற வேலை) சரியாகச் செய்யாமலே சுருட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் இழுத்ததெல்லாம் சுருங்கிவிட்டது.

இதைவிட வயிற்றெரிச்சல், ஒரு ரோல் முனையில் இறுக்கித் தைத்திருந்த மடிப்பைப் பிரித்தபோதுதான். உள்ளே மெரூன். வெளியே கருப்பு, மடிப்புக்குள்ளே மெரூன்! வேறு யாருக்கோ போட்டு, அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கருப்பில் முக்கி எனக்கு ஏற்றியிருக்கிறார்கள். கருப்பு எதையும் மறைத்துவிடும். அதற்கு நான் கொடுத்த விலை 11,000 டாலர்.

மார்க்கெட்டிங் மேனேஜருக்கு உடனே போட்டோ அனுப்பினேன். "ரிலாக்ஸ் பண்ணீங்களா சார்?" என்றார். பண்ணினோம் என்று வீடியோ அனுப்பினேன். "க்யூசி பார்த்துட்டுச் சொல்வாங்க" என்றார், தரம் பார்க்கிற பிரிவைச் சொல்கிறார். நான்கு நாள் பதிலே இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். "பையர் ஆடிட் நடக்குது சார், அடுத்த வாரம் பேசலாமே." அடுத்த வாரம் பேசினால், "வெட்டின துணிக்கு க்ளெய்ம் கிடையாது, இன்வாய்ஸ்லயே போட்டிருக்கே." வெட்டாமல், தைக்காமல், துவைக்காமல் எனக்கு எப்படித் தெரியும்? 52 ரோல் வெட்டாமலேதான் கிடக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மெரூன் மடிப்பைப் பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை, நீல டிக்தான். கடைசியில் இரக்கப்பட்டுச் சொன்னது, அடுத்த ஆர்டரில் 5 சதவீதம் குறைத்துத் தருவார்களாம். 11,000 டாலரை முழுங்கிவிட்டு அடுத்த ஆர்டராம்!

ரோலை எடை போட்டதிலும் ஒன்று தெரிந்தது. 25 கிலோ என்று ஸ்டிக்கர். அதில் அட்டைக் குழாயும் பாலிதீனும் சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல். அறுபது ரோலுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அட்டைக்கும் துணி விலை கொடுத்திருக்கிறேன்.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. சாம்பிளை நம்பாதீர்கள், உங்கள் லாட்டிலிருந்தே ஒரு மீட்டர் வாங்கித் துவைத்துப் பார்த்த பிறகு மீதிப் பணம் அனுப்புங்கள். நிகர எடைக்குத்தான் பில் என்று எழுதி வாங்குங்கள். கருப்பு என்றால் ரோல் முனை மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். ஆர்கானிக் என்று சொன்னால் மில்லுக்குக் கொடுத்த ஸ்கோப் சர்டிஃபிகேட்டைக் காட்டுவார்கள், அது மில்லுக்கு ஆர்கானிக் துணி செய்யத் தகுதி உண்டு என்று மட்டும்தான் சொல்லும், போதாது, உங்கள் லோடுக்கான டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட்டைக் கேளுங்கள். வேறு எதுவும் இப்போது எழுத ஓடவில்லை. பத்து மணிக்கு அவர்கள் ஆபீஸ் திறக்கும், மறுபடி போன் போட வேண்டும்.