சங்கத்துப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கோ: வன்னியில் கண்ட காசு விவகாரங்கள்

இந்த முறை ஊருக்குப் போனபோது கோயில், கல்யாணம், சொந்தக்காரர் வீடு எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எங்கட சனம் காசை எங்கே வைக்கிறது, எங்கே கடன் எடுக்கிறது, எந்த இடத்தில் ஏமாறுகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் நான் கிரெடிட் யூனியன் ஒன்றில் அங்கத்தவர். அங்கத்தவர்களே சொந்தக்காரர், பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஊரில் அதே ஏற்பாட்டில் நடப்பவைதான் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள். இலங்கையில் கூட்டுறவுக்குச் சட்டம் வந்தது 1911இல். போர், இடப்பெயர்வு எல்லாம் கடந்து வன்னிக் கிராமங்களில் இன்றைக்கும் இந்தச் சங்கங்கள் இயங்குகின்றன.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில், தருமபுரம் தாண்டி உள்ளே போனால் மாமி இருக்கும் கிராமம். சங்கக் கந்தோர் என்பது பொதுநோக்கு மண்டபத்தோடு ஒட்டிய ஒரு அறை. ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டகம், வரிசையாக அடுக்கிய பேரேடுகள். கிழமையில் இரண்டு பின்னேரம் திறப்பார்கள். பொருளாளராக இருப்பவர் ஒரு இளம் பிள்ளை. அங்கத்தவர் காசை நீட்டியதும் எண்ணி, அறையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கத் தொகையைச் சொல்கிறார். "ஐஞ்ஞூறு ரூபா அக்கா, சரியோ?" பேரேட்டில் எழுதி, பாஸ் புத்தகத்தில் எழுதி, பிறகு இரண்டையும் அக்காவின் பக்கம் திருப்பி வைக்கிறார். அக்கா இரண்டு தொகையையும் விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் இதே முறை, அவசரப்படாமல். கனடாவில் எந்தக் கவுண்டரிலும் இவ்வளவு வெளிச்சமாக ஒரு வரவு பதியப்பட்டதை நான் கண்டதில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை அங்கத்தவர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் கிரெடிட் யூனியனில் போடும் சாதாரண வைப்புக்கு 250,000 டொலர் வரை காப்புறுதி உண்டு. இலங்கையிலும் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010இலிருந்து இருக்கிறது. 2021இல் அதன் எல்லையை ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா என்று உயர்த்தினார்கள். அது மத்திய வங்கியிடம் உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உரிய திட்டம். கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட காசு அதற்குள் வராது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கிராமிய வங்கிக்குப் பெயரில் வங்கி இருக்கிறது, உரிமம் பெற்ற வங்கி என்ற கணக்கில் அது சேராது. சனச அபிவிருத்தி வங்கி என்று தொடங்கிய எஸ்.டி.பி வங்கி உரிமம் பெற்றது. ஊரில் இருக்கிற சனச சங்கம், அதாவது சிக்கன கடனுதவு சங்கம், அதிலிருந்து வேறானது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் நான் பேசிய பலர் எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைத்திருந்தார்கள்.

மாமியும் அப்படித்தான். சுவிஸில் இருக்கும் மகன் வீடு கட்ட அனுப்பிய காசு முழுவதும் சங்கத்தில் கிடந்தது. "எங்கட காசு எங்கட ஆக்களிட்டத்தானே கிடக்கு" என்றார். நான் காப்புறுதி விஷயத்தை விளங்கப்படுத்தினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த பின்னேரம் இருவருமாகப் போய்ப் பொருளாளரிடமே கேட்டோம். அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னார்: "ஓம் மாமி, அண்ணை சொல்லுறது சரி. வீட்டுக் காசை பாங்கில போடுங்கோ. மாதச் சேமிப்பும் கடனுக்கு வேணுமான அளவும் இங்க இருக்கட்டும்." சங்கத்துக்கு வரும் வைப்புக் குறையும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்ன அந்தப் பிள்ளையிடம் எனக்கு மரியாதை கூடியது.

சங்கத்தில் காசு வைப்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே வேறுவிதமான காவல் இருக்கிறது. மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் மேற்பார்வையில்தான் சங்கங்கள் நடக்கின்றன. ஆண்டுக்கணக்கு கணக்காய்வுக்குப் போக வேண்டும், அந்த அறிக்கை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். அங்கத்தவர் கூட்டத்துக்குப் போகாவிட்டால் இந்தக் காவல் வேலை செய்யாது. கணக்காய்வு எந்த ஆண்டு வரை முடிந்திருக்கிறது, திரும்பி வராத கடன் எவ்வளவு, நிர்வாக சபையில் இருப்பவர்கள் எடுத்த கடன் எவ்வளவு: இந்த மூன்றையும் எழுந்து கேட்க வேண்டும். ஒழுங்கான சங்கத்தில் மறுமொழி சுணங்காது. மறுமொழிக்குப் பதிலாகக் கோபம் வந்தால் கூட்டுறவு உதவி ஆணையாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் போடலாம்.

இனிக் கடன். எனக்கு இந்தப் பயணத்தில் அதிகம் நெஞ்சை வருத்தியது இதுதான். மாமியின் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, கணவர் இல்லாதவர், பட்டணத்தில் ஒரு கம்பனியில் எடுத்த கடனின் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். முழுக்க ஆங்கிலம். கையெழுத்து மட்டும் தமிழில். "மாதம் இரண்டு வட்டிதானே அண்ணை, சங்கத்திலயும் அதுதானே" என்றார். அந்த மேசையிலேயே கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஒரு லட்சம் ரூபா, 12 மாதம், மாதம் 2 வீதம். கம்பனியின் முறையில் எடுத்த முதல் தொகை முழுவதற்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். மாதம் 2,000 ரூபாவாக வட்டி மட்டும் 24,000. சங்கத்தின் முறையில் முதல் தொகையில் கட்டிய பங்கைக் கழித்து மீதிக்குத்தான் வட்டி. முதல் மாதம் 2,000, கடைசி மாதம் 167 ரூபா, மொத்த வட்டி 13,000. இரண்டு இடத்திலும் வாயால் சொல்வது "இரண்டு வட்டி". கையிலிருந்து போவதில் 11,000 ரூபா வித்தியாசம். கம்பனிக் கடனை மீதிக்கு வட்டி என்ற கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 42 வீதம் வருகிறது. இதற்குமேல் ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று கடன் காசிலேயே கழித்துக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே வட்டி எத்தனை வீதம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "கையில எவ்வளவு தருவியள், கடைசியில எல்லாமா நான் எவ்வளவு கட்டியிருப்பன்?" என்று கேட்டு, அந்த இரண்டு தொகையையும் எழுதி வாங்குங்கள். பத்திரத்தைத் தமிழில் கேட்பது உரிமை. மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. உரிமம் பெற்ற வங்கி, நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாட்டுக்கு 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது, கொழும்புக்குப் போகத் தேவையில்லை. உரிமமே இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்து, மீற்றர் போல நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குக் கொடுப்பவர்களின் விஷயம் வேறு. மிரட்டினால் பொலிஸ்தான்.

நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பது எல்லாருக்கும் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே இறங்க வேண்டி வந்தது. குழுவாகக் கடன் எடுத்தால் ஒருத்தி கட்டாத தவணை மற்றவர்களின் தலையில் விழும். சங்கக் கடனுக்குப் பிணை வைப்பதும் அதே பாரந்தான். அயலவர் கேட்டால் மறுக்க முடியாது என்று மாமி இரண்டு பேருக்குப் பிணை நிற்கிறார். அந்தக் கடன்களின் மீதி எவ்வளவு என்று பொருளாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். பிணையாளிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு, ஆனால் ஊரில் பெரும்பாலும் கேட்பதில்லை.

நகை அடைவு பற்றிச் சுருக்கமாக: வைக்கும் முன் நகையை எல்லாப் பக்கமும் போனில் படம் எடுங்கள், துண்டில் எழுதிய நிறையைச் சரிபாருங்கள், மீட்க வேண்டிய திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஏலத்துக்குப் போன நகைகளில் பாதி திகதி மறந்ததால் போனவை என்று வங்கியில் வேலைசெய்யும் மச்சான் சொன்னார்.

போனில் வரும் ஏமாற்றுக்குக் கிராமம், பட்டணம் என்ற பேதம் இல்லை. பரிசு விழுந்திருக்கிறது, முன்பணம் போடுங்கோ என்பார்கள். பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்று லிங்க் அனுப்புவார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், போனுக்கு வந்த ஓ.ரி.பி இலக்கத்தை (ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம்) சொல்லுங்கோ என்பார்கள். அந்த இலக்கத்தை எந்த வங்கியும் எந்தச் சங்கமும் கேட்காது, கேட்டால் உடனே வைத்துவிட வேண்டியதுதான். வெளிநாட்டில் இருப்பவர்களைக் குறிவைத்து நடப்பது இன்னொன்று. தங்கச்சியின் படம் போட்ட புது இலக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் "அண்ணா, அவசரம், ஆஸ்பத்திரியில நிக்கிறன், இந்த எக்கவுண்டுக்குப் போடுங்கோ" என்று வரும். போடுவதற்கு முன் பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள். அந்த எக்கவுண்ட் பெரும்பாலும் வேறொரு அப்பாவியின் பெயரில் இருக்கும். மாதம் இவ்வளவு தருகிறோம் என்று சொல்லி வேலையில்லாத பெடியன்களின் வங்கிக் கணக்கையும் கார்டையும் வாங்கிக்கொள்கிறார்கள், பொலிஸ் வரும்போது பிடிபடுவது அந்தப் பெடியன்தான். பிள்ளைகளுக்கு இதை இருத்தி வைத்துச் சொல்ல வேண்டும். ஆளைச் சேர்த்தால் காசு என்று ஓடும் பிரமிட் திட்டங்களும் வன்னிக்குள் வந்துவிட்டன. தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. சேரச் சொல்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, பின்னுரித்தாளர் பெயர், அதாவது கணக்குக்காரர் இறந்தால் காசு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் பெயர். வன்னியில் இது வெறும் படிவ வேலை இல்லை. 2009இல் போரின் முடிவில் ஆளையும் இழந்து ஆவணத்தையும் இழந்த குடும்பங்கள், அப்பாவின் கணக்கில் இருந்த காசுக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கின என்று அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு கதை இருக்கிறது. காணாமற்போனவர் இறந்ததாகப் பதியாமலே, அவர் காணாமற்போயிருக்கிறார் என்று சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டத்தில் இடம் வந்தது. அதுவரை மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்குக் காசும் இல்லை, வழியும் இல்லை. மாமியின் பாஸ் புத்தகத்தில் பின்னுரித்தாளராக எழுதியிருந்தது, இப்போது இல்லாத மாமாவின் பெயர். அதை மாற்ற அடையாள அட்டைப் பிரதியும் ஒரு படிவமும் போதுமாக இருந்தது. அன்றைக்கே மகளின் பெயரை எழுதினோம்.

ஊருக்குப் போகிறவர்கள் அம்மா அப்பாவிடம் கேட்டு இந்தப் புத்தகங்களை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் பாஸ் புத்தகத்தின் மீதியும் கந்தோரில் இருக்கும் பேரேட்டின் மீதியும் ஒன்றா என்று பாருங்கள். மாமியின் சங்கத்தில் பொதுக்கூட்டம் காலபோக அறுவடை முடியத்தான் வைப்பார்கள். மாமி போவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்காய்வு அறிக்கையைப் படம் எடுத்து எனக்கும் சுவிஸில் இருக்கும் மகனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஏற்றிருக்கிறார்.